கம்ப்யூட்டர் மொய் வச்சு காதுகுத்து நடத்துனோம், எப்படி இருந்துச்சுன்னா...

போன ஆவணில எங்க ரெண்டு பிள்ளைகளுக்கும் உசிலம்பட்டில மண்டபம் பிடிச்சு காதுகுத்து வச்சோம், மொய் எழுத நோட்டு போடாம லேப்டாப்காரங்களத் தான் சொல்லியிருந்தோம். எவ்வளவு வாங்குனாங்க, நம்பலாமா, கணக்கு சரியா இருந்துச்சான்னு சொந்தத்துல ஆளாளுக்கு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி மாளல, அதான் மொத்தமா எழுதிடுறேன். யாரு எவருன்னு பேரு போடல. நம்ம பக்கம் இந்த வேலை பாக்குறவங்க நிறைய பேர் இருக்காங்க, சாஃப்ட்வேரும் ஏறக்குறைய ஒண்ணு போல தான் இருக்கு, அதனால நீங்க யாரச் சொன்னாலும் இதுல பாதி பொருந்தும்.

முதல்லயே சொல்லிடுறேன், குடுத்த காசுக்கு வேலை சுத்தம். ஆனா டேபிள்ல நம்மாளு ஒருத்தர், அதுவும் ஊர் ஊரா ஆள் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர், கூட உக்காரலைன்னா அந்த லேப்டாப்பால பெருசா ஒரு பிரயோஜனமும் இல்ல.

சென்னை, கோயம்புத்தூர் பக்கம் இருக்கறவங்களுக்கு இது என்ன கூத்துன்னு தோணலாம். அங்க கவர்ல ஐநூத்தியொண்ணு போட்டு, பேர எழுதி, மேடைல போட்டோவுக்கு நிக்கும்போது மாப்பிள்ளை கைல குடுத்துட்டு வந்துருவாங்க, யாரு எவ்வளவு குடுத்தாங்கன்னு வீட்டுக்குப் போய் பிரிச்சு பாத்தா தான் தெரியும். மதுரை, தேனி பக்கம் அப்படி இல்ல. மண்டபத்துக்குள்ள நுழைஞ்ச உடனே டேபிள் கிடக்கும், கவர் இருந்தாலும் கண்ணு முன்னாடியே பிரிச்சு எண்ணி ஊரு பேரு போட்டு எழுதுவாங்க, எழுதுனத பாத்துட்டு தான் ஆளு பந்திக்கே போவாரு. ஏன்னா அது இனாம் இல்ல. செய்முறை. நான் உனக்கு செஞ்சேன்னா நீ எனக்கு செய்யணும், அதுவும் அப்படியே இல்ல, மேல ஏத்திச் செய்யணும். ஐநூறு வந்திருந்தா ஆயிரமா திருப்பணும், அதுல ஐநூறு பழசு, ஐநூறு புதுசு. வந்தத அப்படியே எண்ணி ஐநூறா திருப்பிக் குடுத்தா கணக்க முடிச்சுக்கிட்டாங்கன்னு அர்த்தம், இனிமே உன் வாசப்படி எனக்கு வேண்டாம்னு வாயால சொல்லாம சொல்றது. எங்க சொந்தத்துல ரெண்டு குடும்பம் அப்படித்தான் பேச்சுவார்த்தை நின்னு போச்சு, சண்டைன்னு ஒண்ணு நடக்கவே இல்ல, மொய்ல தான் நடந்துச்சு.

அதனால தான் எங்க ஊர்ல மொய் நோட்டு பத்திரத்தோட சேத்து பீரோவுல இருக்கும். எங்க அத்தை (மாமியார்) வச்சிருக்கற நோட்டுல நாலு மூலைக்கும் மஞ்ச தடவி, மேல பிள்ளையார் சுழி போட்டு, அதுக்குக் கீழ முதல் வரியா குலசாமி பேர்ல ஒண்ணேகால் ரூவா வரவு வச்சிருக்காங்க. பதினஞ்சு ரூவா, இருபது ரூவா மொய் எல்லாம் அதுல கிடக்கு. எங்க கல்யாணத்துக்கு நோட்டு எழுதுனது ரெண்டு பேரு, அதுல ஒருத்தர் கையெழுத்து இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் விளங்கல. ஒரு பத்திரிகை வந்தா போதும், இவங்க நமக்கு என்ன செஞ்சிருக்காங்கன்னு பாக்க நோட்ட விரிச்சு வச்சுக்கிட்டு நானும் எங்க வீட்டுக்காரரும் அரை மணி நேரம் புரட்டணும். இந்த தடவ லேப்டாப் தான்னு அவரு ஒரே பிடியா நின்னதுக்கு அது தான் காரணம்.

சரி, வேலை எப்படி நடக்குதுன்னு சொல்றேன். ஒரு டேபிளுக்கு ரெண்டு தம்பிங்க. ஒருத்தர் டைப் பண்ணுவாரு, இன்னொருத்தர் காச வாங்கி எண்ணி பெட்டில போடுவாரு. லேப்டாப், சின்ன பிரிண்டர், நோட்டு எண்ணுற மெஷின், கள்ள நோட்டு பாக்குற லைட்டு, கரண்டு போனா தாங்குறதுக்கு பேட்டரி, எல்லாம் அவங்களே கொண்டு வந்துடுறாங்க. மொய் வைக்கிறவங்கள பாத்த மாதிரி ஒரு மானிட்டர், நாம சொல்லச் சொல்ல ஊரு, பேரு, தொகை எல்லாம் அதுல பெருசா வருது, சரியான்னு கேட்டுட்டு ரசீது அடிச்சுக் குடுக்குறாங்க. எனக்கு ரொம்ப பிடிச்சது இந்த மானிட்டர் தான். எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க அவங்களே பாத்து திருத்திக்கிறாங்க, "ஏய் தம்பி, இனிஷியல் பெ இல்லப்பா, பொ"ன்னு ஒரு பெரியவர் ஸ்க்ரீன்ல விரல வச்சே காட்டுனாரு.

ஆனா இங்க தான் நம்மாளு வேணும்னு சொல்றேன். ஒரு பத்து நிமிஷம் நான் டேபிள் பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தேன்.

"எந்த ஊருங்கய்யா?"

"கருமாத்தூரு."

"பேரு?"

"ஒச்சப்பன்."

டைப் பண்ண உடனே லிஸ்ட்டு விழுது, அந்த ஊர்ல மட்டும் வரிசையா ஒச்சப்பன். குலசாமி பேரு, வீட்டுக்கு ஒருத்தராச்சும் இருப்பாங்க. தம்பி முழிக்கிறாரு. "எந்த ஒச்சப்பன்னு போடய்யா?" அவரு கோவமா, "என்னப்பா, என்னையத் தெரியாதா?"ங்கறாரு. பக்கத்துல உக்காந்திருந்த எங்க பெரிய மாமா (மாமனாரோட அண்ணன்) தலையக் கூட தூக்கல, "டீக்கடை ஒச்சப்பன்னு போடு, அவுக அப்பா பேரு பெரியகருப்பன்"னு சொல்லிட்டு வெத்தலைய மடிக்கிறாரு. முடிஞ்சுது. பட்டப்பேர் இல்லாம எங்க ஊர் மொய் எழுதவே முடியாது, டீக்கடை, டிரைவரு, மிலிட்டரி, கோடாலி, மேலத்தெரு, எல்லாம் இருந்தா தான் நாளைக்கு அவங்க வீட்டு பத்திரிகை வரும்போது இது அவரு தான்னு கண்டுபிடிக்க முடியும். சாஃப்ட்வேர்ல பட்டப்பேருக்குன்னு தனி கட்டம் இருக்கு, அந்த வரைக்கும் செஞ்சவன் நம்ம ஊர்க்காரன் தான், சந்தேகமே இல்ல. ரெண்டாவது டேபிள்ல எங்க சித்தப்பா மகன உக்கார வச்சோம், அவன் பாதி நேரம் போன்ல இருந்தான், அந்த டேபிள் லிஸ்ட்ல தான் இப்ப யாருன்னே தெரியாத பேரு எல்லாம் வந்து நிக்குது.

அடுத்தது பொருளா வந்த சீரு. இதுல தான் எனக்கு மனசு ஆறல. எங்க அண்ணன் தாய்மாமன் சீரு கொண்டாந்தது ஊரே பாத்துச்சு, மேளம், வெடி, பித்தளை அண்டா, குத்துவிளக்கு, பழத்தட்டு பூத்தட்டுன்னு வரிசை கட்டி வந்துச்சு, மாலை போட்ட கிடா வேற, பிள்ளைகளுக்கு தோடும் செயினும். தங்கத்துக்கு கிராம் கட்டம் இருக்கு, சரியா விழுந்துச்சு. மத்ததெல்லாம் குறிப்புன்னு ஒரு கட்டத்துல டைப் பண்ணாரு அந்த தம்பி, கண்ணால பாத்தேன். ஆனா புக்கா அடிச்சு வந்தப்போ குறிப்புங்கற கட்டமே இல்ல! எங்க அம்மா புக்க வாங்கி பாத்துட்டு, "என் மகன் கிடா கொண்டாந்தது எங்கடி?"ன்னு ஒரே கேள்வி. பதில் இல்ல என்கிட்ட. நாளைக்கு எங்க அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு நாங்க அத்தை முறைல திருப்பிச் செய்யும்போது அந்த கிடாயும் அண்டாவும் தானே கணக்கு? போன் பண்ணிக் கேட்டா "அது எக்செல்ல வரும்க்கா, புக்ல வராது"ங்கறாங்க. அப்ப முன்னாடியே சொல்லணும்ல.

தங்கத்த கிராம்ல எழுதுறது எவ்வளவு முக்கியம்னு ஒண்ணு சொல்றேன். 2005 வாக்குல பவுனு அஞ்சாயிரத்த ஒட்டி இருந்துச்சு. அப்ப ஒரு கிராம் மோதிரம் போட்டவங்களுக்கு அறுநூறு ரூவா செலவு, இன்னிக்கு அதே ஒரு கிராம திருப்பிப் போடணும்னா வாங்குறவனுக்கு தான் தெரியும் வலி. ரூபாயா எழுதி வச்சிருந்தா ஆயிரம் ரெண்டாயிரம் வச்சுட்டு வந்துரலாம், கிராம்னு எழுதியிருந்தா கிராம் தான். சில பேரு வெவரமா, "ரூவாயப் போடாத தம்பி, ஒரு கிராமுன்னு மட்டும் போடு"ன்னு நின்னு சொல்லிட்டு போறாங்க.

பழைய நோட்டுல இருந்து இதுல இல்லாதது இன்னொண்ணு, யாரு வசம்ங்கற விவரம். அத்தை நோட்டுல "நேரில் வரவில்லை, மகன் வசம்", "பெண் அழைத்து வந்தபோது கொடுத்தது", "பாக்கி 5 மறுநாள்" அப்படின்னு ஓரத்துல பென்சில்ல கிடக்கும். அதப் படிச்சாலே அந்த விசேஷத்துக்கு யாரு கோவிச்சுக்கிட்டு வரல, யாரு உடம்பு முடியாம இருந்தாங்கன்னு தெரிஞ்சிடும். இதுல எல்லாரும் ஒரே மாதிரி வரிசையா நிக்கிறாங்க, வந்தவனும் வராம காசு மட்டும் குடுத்துவிட்டவனும் ஒண்ணு.

ஜிபே பத்தி எல்லாரும் கேக்குறாங்க. 2021 ஜனவரில மதுரைல ஒரு கல்யாணப் பத்திரிகைல கூகுள்பே, போன்பே க்யூஆர் கோடு அச்சடிச்சு அது பெரிய நியூஸ் ஆச்சு, ஞாபகம் இருக்கலாம். இப்ப அது ஒண்ணுமே இல்ல, டேபிள்லயே க்யூஆர் அட்டை நிக்குது, எங்க வீட்டுக்காரர் அக்கவுண்ட்டுக்கு நேரா வந்துடும். சிக்கல் என்னன்னா பணம் அனுப்புறது திருப்பூர்ல வேலை பாக்குற மகன், பேரு வர்றது அவன் பேர்ல, இங்கிலீஷ்ல. ஆனா மொய் எழுத வேண்டியது ஊர்ல இருக்கற அப்பா பேர்ல, ஏன்னா நாம அவருக்கு தான செஞ்சிருக்கோம். டேபிளுக்கு வந்து ஸ்க்ரீன காட்டுனவங்களுக்கு சரியா எழுதிட்டாங்க, வெளியூர்ல இருந்தபடியே அனுப்புனவங்க பாதி பேர நாங்க தான் ராத்திரி உக்காந்து யாரு என்னன்னு போன் போட்டு சேத்தோம்.

பொம்பளைங்க விஷயம் ஒண்ணு இருக்கு, இத யாரும் பேசுறதில்ல. மொய் எல்லாம் ஆம்பளைங்க பேர்ல தான் விழும், குடுக்கறதும் வாங்கறதும். ஆனா எங்க மகளிர் குழுல பதினேழு பேரும் எனக்குன்னு தான் வந்தாங்க, அவங்க வீட்டு விசேஷத்துக்கு என் சேமிப்புல இருந்து நான் தான் செஞ்சிருக்கேன். அவங்க டேபிளுக்கு போனா "வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கக்கா"ன்னு கேட்டிருக்காரு தம்பி. நான் போய், "தம்பி, அவங்க பேரையே போடுங்க, வரவும் என் பேர்ல தனியா வைங்க"ன்னு சொன்னேன். முடியுமோ முடியாதோன்னு நெனச்சேன், ரெண்டே நிமிஷத்துல தனி பிரிவு போட்டுக் குடுத்துட்டாரு, புக்லயும் தனிப் பக்கமா வந்துச்சு. நோட்டுல இப்படிக் கேட்டிருந்தா பெரிய மாமா, "எல்லாம் ஒரு குடும்பம் தானம்மா"ன்னு சொல்லி முடிச்சிருப்பாரு. இந்த ஒண்ணுக்காகவே லேப்டாப்புக்கு ஒரு ஸ்டார் கூட குடுக்கலாம்.

மைக்ல வாசிக்கணுமான்னு கேட்டாங்க, வேண்டாம்னுட்டோம். சில வீட்ல இன்னும் ஊரு பேரு தொகையோட மைக்ல படிக்கிறாங்க, பத்தாயிரம் வச்சவனுக்கு சுகமா இருக்கும், நூறு ரூபாய கைக்குள்ள மடிச்சு வச்சுக்கிட்டு வரிசைல நிக்கிற ஆத்தாவுக்கு எப்படி இருக்கும்? தாய்மாமன் சீரு மட்டும் சொல்லச் சொன்னோம், அதச் சொல்லலைன்னா எங்க அண்ணன் மூஞ்சியப் பாக்க முடியாது.

கணக்கு முடிச்ச விதம் அருமை. சாயங்காலம் மண்டபம் காலி பண்றதுக்குள்ள 500 இத்தனை, 200 இத்தனை, 100 இத்தனைன்னு நோட்டு வாரியா ஷீட்டு அடிச்சு, பெட்டிய எங்க முன்னாடியே எண்ணிக் காட்டி கையெழுத்து வாங்கிட்டு குடுத்தாங்க. டேபிளுக்கு டேபிள் சரியா இருந்துச்சு. ஒரு அப்பத்தா சுருக்குப்பைல இருந்து 2000 ரூவா நோட்டு ஒண்ணு எடுத்து வச்சுட்டாங்க, தம்பி வாங்க மாட்டேன்னு தயங்குனாரு. 2023 மே மாசமே ரிசர்வ் பேங்க் திரும்ப வாங்குறதா சொல்லிட்டாங்க, செல்லாதுன்னு ஆகல, ஆனா ஊர் பேங்க்ல வாங்க மாட்டாங்க, ரிசர்வ் பேங்க் ஆபீசுக்கு தான் போகணும், இல்லைன்னா அங்க தபால்ல அனுப்பணும். அந்த ஆத்தா மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு வாங்கி எழுதிக்கச் சொல்லிட்டோம், சென்னை போறப்போ மாத்திக்கலாம்.

ரசீது விஷயத்துல ஒரு குறை. அது பஸ் டிக்கெட் மாதிரி சூட்டுல அடிக்கிற பேப்பர், கொஞ்ச மாசத்துல எழுத்து மங்கிப் போயிடும். வயசானவங்க அத டிரங்குப்பெட்டில பத்திரமா மடிச்சு வைக்கிறாங்க, நாளைக்கு எடுத்துப் பாத்தா வெறும் வெள்ளைக் காகிதம். அவங்களும் அவங்க நோட்டுல செலவுப் பக்கம் எழுதி வச்சிடறது நல்லது, வீட்டுக்கு போனதும் எழுதிக்கங்கன்னு நாங்க சொல்லி அனுப்புனோம்.

அத விட பெரிய குறை, எக்செல் ஃபைல். பென்டிரைவ்ல குடுத்தாங்க, போன்ல திறந்தா தமிழே இல்ல, இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமா கொட்டிக் கிடக்கு. பாமினி ஃபாண்ட்ல அடிச்சிருக்காங்க. அந்த ஃபாண்ட் இருக்கற கம்ப்யூட்டர்ல மட்டும் தான் தமிழா தெரியும், தேடவும் முடியாது. தேடுறதுக்காகத் தானய்யா லேப்டாப்பே போட்டோம்! எந்த போன்லயும் தமிழாவே தெரியுற யூனிகோடுக்கு மாத்தி குடுங்கன்னு கேட்டு, நாலு தடவ போன் போட்டு, கடைசில எங்க வீட்டுக்காரரோட தம்பி ஆன்லைன்ல ஒரு கன்வர்ட்டர்ல போட்டு மாத்திக் குடுத்தான். இப்ப போன்ல ஊரு பேரு அடிச்சா டக்குனு வந்து நிக்குது, அந்த சுகத்துக்கு ஈடே இல்ல. அகர வரிசை மட்டும் கொடுமை, இனிஷியல வச்சு அடுக்கியிருக்கு, பெ.ஒச்சப்பன தேடணும்னா "பெ"ல போய் தேடணும்.

கொஞ்சம் யோசிக்க வேண்டியது, நம்ம விவரம் அவங்ககிட்ட இருக்கறது. ஊரு, பேரு, தொகை, சில பேரு போன் நம்பர், எல்லாம் அவங்க லேப்டாப்ல தங்குது. டைப் பண்ண உடனே பேரு லிஸ்ட்டா விழுதுன்னா என்ன அர்த்தம், முன்னாடி நடந்த விசேஷத்துல சேத்து வச்சது தானே. அடுத்தவங்க வீட்டு மொய்ய எட்டிப் பாக்கலாமான்னு சும்மா கேட்டுப் பாத்தேன், "பேரு மட்டும் தான் வரும்க்கா, தொகை வராது"ன்னாரு. எங்களோடத அழிச்சிருவீங்களான்னதுக்கு, "கொஞ்ச நாள் வச்சிருப்போம், நீங்க பென்டிரைவ தொலைச்சுட்டு வந்து கேப்பீங்கள்ல"ன்னு சிரிக்கிறாரு. நியாயம் தான், இருந்தாலும் ஒரு ஊரே யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்குங்கறது ஒரு லேப்டாப்ல இருக்கறது எனக்கு கொஞ்சம் உறுத்துது.

வரி பத்தியும் ஒரு அண்ணன் கேட்டாரு. தெரிஞ்சத சொல்றேன், நெருங்குன சொந்தம் குடுத்தா வரி இல்ல, தாய்மாமன் அதுல வருவாரு. கல்யாணத்துக்கு பொண்ணு மாப்பிள்ளைக்கு வர்றதுக்கும் விலக்கு. காதுகுத்துக்கு அந்த விலக்கு கிடையாது, சொந்தம் இல்லாதவங்ககிட்ட இருந்து வருஷத்துல மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல வந்தா சட்டப்படி கணக்குல காட்டணும். இதச் சொன்னா ஊர்ல சிரிக்கிறாங்க, இது வருமானமா, நான் பத்து வருஷமா குடுத்தது தானே திரும்பி வருதுன்னு. அதுவும் உண்மை தான். ஆனா பிரிண்ட் அடிச்ச புக்குன்னு ஒண்ணு வந்துட்டா கணக்கு கணக்கு தான், பெரிய தொகை வர்றவங்க ஆடிட்டர ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. புதுக்கோட்டை கீரமங்கலம், வடகாடு, அப்புறம் பேராவூரணி பக்கம் ஆடி ஆவணில விசேஷமே இல்லாம மொய்க்குன்னே கறி விருந்து வைக்கிறாங்களே, அங்க கோடிக்கணக்குல புரளுது, அவங்களுக்கு இந்த லேப்டாப் இல்லாம ஓடவே ஓடாது. நமக்கு அவ்வளவு இல்ல.

காசு எங்களுக்கு ரெண்டு டேபிளுக்கும் சேத்து 8,000 ஆச்சு, புக்கு ரெண்டு காப்பி அதுலயே அடக்கம், தம்பிங்களுக்கு சாப்பாடு நம்மளது. கறிச்சோறு போடுற பந்தில அவங்க எழுந்து போக முடியாது, டேபிளுக்கே இலை போட்டு குடுத்துருங்க, நாங்க மதியம் மூணு மணிக்கு தான் கவனிச்சோம், பாவம். நூறு நூத்தம்பது பேரு வர்ற சின்ன விசேஷத்துக்கு இது தேவையே இல்ல, நல்ல கையெழுத்து உள்ள ஒரு பையனும் நாப்பது பக்க நோட்டும் போதும். ஐநூறு பேருக்கு மேல போனா கண்ண மூடிட்டு லேப்டாப் சொல்லிருங்க. ஆவணி, தை, வைகாசி முகூர்த்தத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அட்வான்ஸ் குடுக்கணும், இல்லைன்னா கத்துக்குட்டிப் பசங்கள அனுப்பிடுவாங்க.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். வர்ற வைகாசில எங்க கொழுந்தன் வீட்டு விசேஷம், அதுக்கும் இவங்களையே தான் சொல்லியிருக்கோம். எக்செல் யூனிகோடுல வேணும், குறிப்பு கட்டம் புக்ல வரணும்னு ரெண்டையும் அட்வான்ஸ் ரசீதுக்குப் பின்னாடியே எழுதி கையெழுத்து வாங்கியாச்சு, ரெண்டாவது டேபிளுக்கு யாருன்னு தான் இன்னும் முடிவாகல.